துடைத்து எழுதிய மடிக்கணினி

ஒருவர் பயன்படுத்தி விற்றுவிட்ட மடிக்கணினியில் உள்ள இயங்குதளத்தை, அதாவது கணினியின் உறுப்புகளையும் அதில் ஓடும் செயலிகளையும் கட்டி நடத்தும் அடிப்படை மென்பொருளை, எச்சமின்றி நீக்கிவிட்டு வெற்று வட்டில் முதலிலிருந்து நிறுவுவதே துடைத்து நிறுவல் எனப்படும். கணினிக் கடைகளில் ‘பார்மேட் அடித்து ஓ.எஸ். போடுவது’ என்ற பெயரில் சில நூறு ரூபாய்க்கு முடிந்துவிடும் இவ்வேலை எல்லா ஊர்களிலும் ஒன்றுபோலவே நடப்பதாகத் தோன்றினாலும், அந்தக் கணினி யார் வீட்டுக்கு, எந்தத் தொழிலுக்காகப் போகிறது என்பதைப் பொறுத்து அதன் கடினம் பெரிதும் வேறுபடுகிறது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுச்சேலைகளுக்கு டிசைன் போட்டுத் தரும் ஒரு குடும்பத்துக்காக, 2019ஆம் ஆண்டின் இறுதியில், இக்கட்டுரையாளர் செய்த அத்தகைய நிறுவல் ஒன்று இங்கு நினைவுகூரப்படுகிறது. இயங்குதளத்தை நிறுவுவதற்கு ஒரு மாலைப் பொழுதே போதுமானதாக இருந்தது. எதையெல்லாம் அழிக்கக் கூடாது என்று கணக்கெடுப்பதற்குத்தான் அதைவிடப் பன்மடங்கு காலம் பிடித்தது.

அந்த வீட்டில் கணினிக்கு என்ன வேலை என்பதை முதலில் விளக்க வேண்டும். காஞ்சிபுரத்துச் சேலையின் கரையிலும் முந்தியிலும் விழும் மயில், யாளி, ருத்ராட்சம், மாங்காய் முதலிய உருவங்கள் தறியின் மேலே பொருத்தப்பட்ட ஜக்கார்டு பெட்டியின் வழியாகவே உருவாகின்றன. பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் முழுமைப்படுத்திய இந்தக் கருவியில், துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுத் தொங்கும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் அதற்குரிய கொக்கி பாவு நூலைத் தூக்கும், துளை இல்லாத இடத்தில் தூக்காது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என்ற கணக்கில் உருவம் வரிவரியாக ஏறிக்கொண்டே போகும். கணினி வருவதற்கு முன்பு, டிசைன்காரர் கட்டம்போட்ட கிராப் தாளில் ஒவ்வொரு கட்டத்தையும் தூரிகையால் நிரப்பி வரைய, அந்தத் தாளைப் பார்த்து அட்டை வெட்டுபவர் துளையிடுவார். கணினி வந்தபின் கிராப் தாளின் கட்டம் திரையின் படப்புள்ளியாக மாறியது. 240 கொக்கி கொண்ட பெட்டிக்கு 240 புள்ளி அகலமுள்ள ஒரு படக்கோப்பு என்பதுதான் அடிப்படைக் கணக்கு. ஜக்கார்டு அட்டையிலிருந்துதான் கணினியே பிறந்தது என்று விழா மேடைகளில் அடிக்கடி பேசப்படுவதுண்டு. அந்தப் பெருமையால் அட்டை வெட்டுபவருக்கு ஒரு பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது, ஒரு புள்ளியும் பிசகாமல் வந்து சேரும் கோப்பு மட்டுமே.

அக்குடும்பத்தின் டிசைன் வேலைகள் அனைத்தும் விண்டோஸ் 7 இயங்கிய ஒரு பழைய மேசைக் கணினியில் இருந்தன. அதை மாற்ற வேண்டியிருந்ததற்கு, 2020 ஜனவரி 14ஆம் நாளோடு விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திக்கொள்வதாக மைக்ரோசாப்ட் அறிவித்திருந்தது ஒரு காரணம். பெட்டியின் மின்விசிறி போடும் சத்தம் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கத் தொடங்கியிருந்தது மற்றொரு காரணம். மின்சாரம் நின்றால் சேமிக்காத வேலை போய்விடுவதாலும், டிசைனை முதலாளி வீட்டுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் எடுத்துச் சென்று காட்ட வேண்டியிருந்ததாலும் மடிக்கணினியே ஏற்றது என்று முடிவாயிற்று. புதியது வாங்கும் வசதி அப்போது இல்லை.

வீட்டின் மூத்தவர், தறியில் அமர்ந்தபடியே இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, பழசோடயே பிணைச்சுக்கக் கூடாதா? எல்லாத்தையும் ஏன் அறுக்கணும்?” என்று கேட்டார். நெசவில், பெரும்பாலும் மூன்று சேலைக்கான நீளம் கொண்ட ஒரு பாவு முடியும்போது, அதன் கடைசி முனைகளைத் தறியிலேயே விட்டுவைத்து, புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு முறுக்கிச் சேர்ப்பார்கள். இதற்குப் பாவு பிணைத்தல் என்று பெயர். அப்படிச் செய்தால் ஒவ்வோர் இழையையும் விழுதின் கண்ணிலும் பண்ணையின் பல்லிலும் மறுபடி கோக்கும் வேலை மிச்சமாகிறது. இருக்கும் இயங்குதளத்தின் மேலேயே புதிய பதிப்பை ஏற்றுகின்ற மேம்படுத்தல் முறை இதைப் போன்றதே: பழைய அமைப்புகள், கோப்புகள், செயலிகள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்க, அடித்தளம் மட்டும் மாறுகிறது. ஆனால் பழைய பாவு எவருடையது, எந்த இழை எங்கே அறுந்து முடிச்சிடப்பட்டது என்று தெரியாத தறியில் பிணைக்க எந்த நெசவாளரும் துணிய மாட்டார். பயன்படுத்திய மடிக்கணினி அத்தகைய தறி. முந்தைய உரிமையாளரின் கடவுச்சொற்கள், ஒட்டுக்கேட்கும் நிரல்கள், முறையற்ற உரிமத்தோடு ஏற்றப்பட்ட செயலிகள், எங்கோ ஓர் அலுவலகத்தின் கட்டுப்பாட்டு விதிகள் ஆகிய எதுவும் அதில் இருக்கலாம் என்று விளக்கியபோது, மூத்தவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிச் சிந்தாதிரிப்பேட்டையில் உள்ள ரிச்சி தெரு, மின்னணுப் பொருள்களுக்கு இந்தியாவிலேயே பெயர்பெற்ற சந்தைகளுள் ஒன்று. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் மடிக்கணினிகளைப் பெரும்பாலும் சில ஆண்டுக் குத்தகைக்கு எடுப்பதால், தவணை முடிந்ததும் அவை மொத்தமாகக் கைமாறி, இத்தகைய சந்தைகளின் வழியே மாவட்டங்களுக்கு வந்து சேர்கின்றன. வீட்டுப் பயன்பாட்டுக்கான மலிவான புதிய கணினியைவிட, வணிகப் பயன்பாட்டுக்கென உறுதியாகச் செய்யப்பட்ட பழைய கணினி மேலானது என்பது இக்கட்டுரையாளரின் அப்போதைய கருத்து, இப்போதும் அதுவே. அத்தெருவில் வாங்கப்பட்டது 2012ஆம் ஆண்டு வாக்கில் வெளிவந்த, இன்டெலின் மூன்றாம் தலைமுறைச் செயலி கொண்ட ஒரு கணினி. அதன் அடிப்பக்கத்தில் முந்தைய நிறுவனத்தின் சொத்து எண் ஒட்டியிருந்ததன் பசைத் தடமும், மின்கலத்தைக் கழற்றினால் தெரியும் இடத்தில் விண்டோஸ் 7 புரொபஷனல் உரிம ஒட்டியும் இருந்தன. எழுத்துகள் தேயாமல் படிக்கும் நிலையில் இருந்த அந்த ஒட்டி, பின்னால் எல்லாவற்றையும்விட முக்கியமானதாக ஆயிற்று.

இயங்குதளத்தைத் துடைத்தாலும் துடைபடாத சில இடங்கள் கணினியில் உண்டு என்பதைப் பழைய கணினி வாங்குபவர் அறிந்திருப்பது அவசியம். முதலாவது பயோஸ். மின்விசையை அழுத்தியவுடன் உறுப்புகளை எழுப்பி, இயங்குதளம் எந்த வட்டில் உள்ளது என்று தேடி அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும் இந்தச் சிறு மென்பொருள், வன்தட்டில் அல்லாமல் தாய்ப்பலகையில் உள்ள தனிச் சில்லில் குடியிருக்கிறது. நிறுவனங்கள் இதற்கு ஒரு மேலாளர் கடவுச்சொல் இட்டிருப்பது வழக்கம். வணிகக் கணினிகள் பலவற்றில், தாய்ப்பலகையின் காசு வடிவ மின்கலத்தை எடுத்து மாட்டினாலும் அது அழியாது. அக்கடவுச்சொல் நீக்கப்படாத கணினியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. இரண்டாவது, வட்டின் உடல்நிலை. ஸ்மார்ட் எனப்படும் தற்கண்காணிப்பு முறையின்படி ஒவ்வொரு வட்டும் தான் ஓடிய மணிநேரத்தையும், பழுதாகி மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையையும் தனக்குள்ளேயே பதிந்துவைக்கிறது. எத்தனை முறை பார்மேட் அடித்தாலும் இந்தப் பதிவு மாறுவதில்லை. மூன்றாவது மின்கலம். தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போது முழுதாக ஏற்றினால் கிடைக்கும் கொள்ளளவையும் அதுவே சொல்லும். இம்மூன்றையும், எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே நேராக ஓடக்கூடிய லைவ் லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைக் கொண்டு, கடை வாசலிலேயே பார்த்துவிட முடிந்தது. கடைக்காரருக்கு அதில் மகிழ்ச்சி இல்லை என்பதும் தெரிந்தது.

‘புத்தம் புதிதாகப் பார்மேட் செய்தது’ என்ற உறுதிமொழியுடன் வந்த அந்த வன்தட்டில் உண்மையில் என்ன இருந்தது என்பது வீட்டுக்கு வந்த பிறகே தெரிந்தது. விரைவுப் பார்மேட் என்பது, வட்டில் எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்று சொல்லும் அட்டவணையைப் புதிதாக எழுதுகிறதே தவிர, கோப்புகளின் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை பழையது அப்படியே கிடக்கிறது. பழைய மேசைக் கணினியைக் காயலான் கடைக்குப் போடலாமா என்று வீட்டினர் கேட்டிருந்ததால், அதற்கு விடையாகவே, அழிந்த கோப்புகளை மீட்டெடுக்கும் போட்டோரெக் என்ற கட்டற்ற மென்பொருள் வாங்கிவந்த வட்டின்மீது ஓடவிடப்பட்டது. சிறிது நேரத்திலேயே ஏதோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் படங்களும், யாரோ ஒருவரின் சம்பளச் சீட்டும் திரையில் வரிசையாக வந்து விழத் தொடங்கின. உடனே அது நிறுத்தப்பட்டு, மீண்டவை நீக்கப்பட்டன. அதன்பின் அந்த வட்டு முழுவதும் சுழிகளால் நிரப்பி எழுதப்பட்டது. சுழல்தட்டுக்கு இப்படி ஒருமுறை முழுவதும் மேலெழுதுவதே போதுமானது. திடநிலை வட்டில், அதாவது எஸ்.எஸ்.டி.யில், தரவு எந்தச் சில்லில் போய் உட்காருகிறது என்பதை வட்டின் கட்டுப்படுத்தியே அவ்வப்போது மாற்றிக்கொண்டிருப்பதால் மேலெழுதுவது நம்பத்தக்கதன்று. வட்டுக்கே கட்டளையிட்டு அழிக்கச் செய்யும் முறையைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்த வீட்டின் மேசைக் கணினி காயலான் கடைக்குப் போனபோது அதன் வன்தட்டு மட்டும் போகவில்லை.

மடிக்கணினியின் சுழல்தட்டுக்குப் பதிலாக 240 ஜிபி திடநிலை வட்டு ஒன்று வாங்கி மாட்டப்பட்டது. பழைய கணினிக்குச் செய்யக்கூடிய செலவுகளில் இதற்கு ஈடானது வேறில்லை.

அடுத்து எழுந்த கேள்வி, வட்டை எவ்வாறு பிரிப்பது என்பது. ஒரு வட்டில் எத்தனை பகிர்வுகள் உள்ளன, ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பதிந்துவைக்கும் அட்டவணை இரு வகைப்படும். 1980களிலிருந்து வழங்கிவரும் எம்.பி.ஆர். முறை நான்கு முதன்மைப் பகிர்வுகளை மட்டுமே அனுமதிக்கும். பொதுவாக 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டைக் கையாளாது. பின்னர் வந்த ஜி.பி.டி. முறையில் வழக்கமாக 128 பகிர்வுகள் வரை இடமுண்டு. அட்டவணையின் படி ஒன்று வட்டின் கடைசியிலும் காப்பாக எழுதப்படும். ஜி.பி.டி.யோடு யு.இ.எஃப்.ஐ. எனப்படும் புதிய தொடக்க முறையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்று எந்தக் கையேடும் சொல்லும்; இக்கட்டுரையாளரும் பிறருக்கு அதையே சொல்லிவந்தவர். ஆனால் இந்தக் கணினியில் அது முடியவில்லை. அதற்குக் காரணம், கட்டைவிரல் அளவுள்ள ஒரு டாங்கிள்.

டாங்கிள் என்பது விலையுயர்ந்த மென்பொருள்களை அனுமதியின்றிப் படியெடுப்பதைத் தடுக்கும் பொருட்டு உடன் தரப்படும் சிறு கருவி, அது யூ.எஸ்.பி. துளையில் செருகப்பட்டிருந்தால்தான் மென்பொருள் திறக்கும். அக்குடும்பம் பல ஆண்டுகளுக்கு முன்பு வாங்கியிருந்த டிசைன் மென்பொருளுக்கான டாங்கிளின் டிரைவர், அதாவது கருவியை இயங்குதளத்துக்கு அறிமுகம் செய்துவைக்கும் இடைநிரல், 32 பிட் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. எண்ணிம ஒப்பம் இல்லாதது. 64 பிட் விண்டோஸ் 7 அத்தகைய ஒப்பமற்ற டிரைவரை ஏற்காது. 32 பிட் பதிப்பு எச்சரித்துவிட்டு ஏற்கும். லினக்ஸில் விண்டோஸ் செயலிகளை ஓட்ட உதவும் வைன் என்ற இடைமென்பொருள் உண்டெனினும், டிரைவர் இயங்குதளத்தின் உட்கருவோடு நேராகப் பேசுவது என்பதால் அவ்வழியும் அடைபட்டிருந்தது. மென்பொருளின் புதிய பதிப்புக்குக் கேட்கப்பட்ட விலை அந்தக் கணினியின் விலையைப் போலப் பல மடங்கு. ஆக, 32 பிட் விண்டோஸ் 7 தேவைப்பட்டது. 32 பிட் விண்டோஸ் 7 இத்தகைய கணினிகளில் யு.இ.எஃப்.ஐ. முறையில் தொடங்காது, பழைய பயோஸ் முறையில் தொடங்க வேண்டுமானால் வட்டில் எம்.பி.ஆர். அட்டவணை இருந்தாக வேண்டும். சேலைக் கரையில் மயில் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு வட்டின் முதல் வரி எப்படி எழுதப்பட வேண்டும் என்பது இவ்வாறு தீர்மானமாயிற்று. உரிமம் பற்றிய கவலை மட்டும் எழவில்லை. மின்கலத்தின் அடியில் ஒட்டியிருந்த எண் 32 பிட், 64 பிட் ஆகிய இரு பதிப்புகளுக்கும் செல்லுபடியாகும்.

விண்டோஸ் 7ஐ நிறுவத் தொடங்கியதும், பென்டிரைவிலிருந்து தானே எழுந்து வந்த நிறுவி, தேவையான டிரைவர் ஒன்றைக் காணவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. கேள்விப்படாதவருக்கு இது வட்டின் கோளாறாகத் தோன்றும். விண்டோஸ் 7 வெளிவந்த 2009ஆம் ஆண்டில் யூ.எஸ்.பி. 3.0 பரவலாகவில்லை என்பதால் அதற்கான டிரைவர் நிறுவியில் சேர்க்கப்படவில்லை. பயோஸின் உதவியோடு தொடங்கிய நிறுவி, தன் காலில் நிற்க முயலும்போது, தான் வந்த பென்டிரைவையே அடையாளம் காண முடியாமல் போகிறது. உள்நாக்கு நீல நிறமாக இருக்கும் துளையிலிருந்து பென்டிரைவைப் பிடுங்கி, கறுப்பு நாக்கு கொண்ட யூ.எஸ்.பி. 2.0 துளையில் செருகியதும் வேலை தொடர்ந்தது. ‘ஒதுக்கப்படாத இடம்’ என்ற ஒற்றை வரி மட்டும் தெரிந்த திரையில், விண்டோஸுக்கு ஒரு பகுதியும், டிசைன் கோப்புகளுக்கென இரு இயங்குதளங்களும் படிக்கக்கூடிய தனிப் பகுதியும் பிரிக்கப்பட்டு, எஞ்சியது, மின்னஞ்சல், வங்கி வேலைகளுக்கென அடுத்து நிறுவவிருந்த லினக்ஸுக்காக விடப்பட்டது. விண்டோஸின் நிறுவி வட்டின் தொடக்க நிரலைக் கேட்காமலே தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே இரண்டையும் ஒரே வட்டில் வைப்பவர்கள் விண்டோஸை முதலிலும் லினக்ஸை அடுத்தும் நிறுவுவது வழக்கமாக உள்ளது.

லினக்ஸ் என்ற பெயர் காஞ்சிபுரத்துக்கு அந்நியமானதன்று. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்ற தன்னார்வலர் குழு அவ்வூரில் நெடுநாளாகக் கட்டற்ற மென்பொருளைப் பரப்பிவந்துள்ளது. கட்டற்ற மென்பொருள் நுட்பங்களைத் தமிழில் எழுதிவரும் கணியம் இதழ் 2012 ஜனவரியில் தொடங்கியது. இவற்றைவிடப் பரவலாக, ஆனால் ஆரவாரமின்றி, லினக்ஸை வீடுகளுக்குள் கொண்டுவந்தது தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம். 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில், விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. இக்கட்டுரையாளர் பார்த்த வீடுகள் பலவற்றில் பாஸ் இருந்த பகிர்வு, திரைப்படங்களுக்கு இடம் வேண்டி முதல் ஆண்டிலேயே அழிக்கப்பட்டுவிட்டது. மாணவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதைச் சொல்லித்தர எத்தனை பள்ளிகளில் ஆள் இருந்தார்கள்? அரசு வழங்கிய கணினிகள் விற்பனைக்குரியவை அல்ல என்பதால், மலிவாகக் கிடைத்தாலும் அவற்றை வாங்கும் எண்ணம் இங்கு எழவேயில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்டது 2019 ஜூலையில் வெளியாகியிருந்த டெபியன் 10. பதிவிறக்கிய நிறுவல் கோப்பு வழியில் சிதையவில்லை, எவரும் மாற்றவில்லை என்பதை உறுதிசெய்ய, அதன் சரிபார்ப்புத் தொகை கணக்கிடப்பட்டு, டெபியன் வெளியிட்டிருந்த எண்ணோடு ஒப்பிடப்பட்டது. கடைகளில் எவரும் செய்யாத, ஆனால் செய்யத் தவறக் கூடாத ஒரு சிறு வேலை இது. நிறுவல் முடிந்தபோது வைஃபை இயங்கவில்லை. வைஃபை அட்டை வேலை செய்யத் தேவையான நிலைபொருள் கட்டற்ற உரிமத்தில் இல்லாததால், டெபியன் அக்காலத்தில் அதைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல்தான் அந்தக் கொள்கை தளர்த்தப்பட்டது. கைபேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிர்ந்து, அந்த நிலைபொருள் பொதியை இறக்கி நிறுவ வேண்டியிருந்தது. இன்னொரு வேடிக்கையும் இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினிகளில் நிகழும். தாய்ப்பலகையின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று கொள்கிறது; லினக்ஸ் வழக்கமாகக் கிரீனிச்சை ஒட்டிய உலகப் பொது நேரம் என்று கொள்கிறது. ஆகவே லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறும்போது கடிகாரம் 5 மணி 30 நிமிடம் பின்தங்கிவிடும். விடியற்காலையில் திருத்திய டிசைன் முந்தைய நாளின் தேதியில் பதிவாகிவிட்டால், இரண்டில் எது கடைசிப் படி என்று அட்டை வெட்டுபவருக்குத் தெரியாமல் போகும். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கே மாற்றும் ஒற்றைக் கட்டளையில் இது தீர்ந்தது.

எல்லாவற்றையும்விட நேரம் பிடித்தது தமிழ். பழைய மேசைக் கணினியிலிருந்த கூலிக் கணக்கு, ஆர்டர் விவரம், கடிதங்கள் ஆகியவை பல ஆண்டுகளாக வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. யூனிகோடு என்பது உலகின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் நிலையான எண் ஒன்றை ஒதுக்கும் குறியீட்டு முறை. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. ஆனால் விண்டோஸ் 2000க்கு முன்பு மைக்ரோசாப்டின் இயங்குதளங்கள் எதுவும் தமிழ் யூனிகோடைக் காட்டவில்லை. அந்த இடைவெளியில் வானவிலைப் போன்ற பல எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்து வேலையை நடத்தின; ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய வரிசையில் வரைந்தது. கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளே, தமிழாகத் தெரிவது எழுத்துருவின் உபயம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கண்ணுக்குத் தெரிவது, பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த குவியல். தமிழக அரசு 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, யூனிகோடையும் டேஸ்-16 என்ற குறியீட்டையும் தரமாக ஏற்று ஆணையிட்டது; எனினும் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பழைய எழுத்துருக்கள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நிலைத்தன.

துடைத்து நிறுவும்போது தமிழர்கள் இழப்பது பெரும்பாலும் இத்தகைய எழுத்துருவைத்தான் என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். கோப்புகளைப் படியெடுத்து வைக்க எல்லோருக்கும் தோன்றும். விண்டோஸ் அடைவுக்குள் ஓரமாகக் கிடக்கும் எழுத்துருக் கோப்பைப் படியெடுக்க எவருக்கும் தோன்றாது. கோப்பு பத்திரமாக இருக்கும், படிக்க முடியாது. அந்த வீட்டில் எழுத்துரு முன்கூட்டியே எடுத்துவைக்கப்பட்டதோடு, பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரற்தொகுப்பைக் கொண்டு வானவில் கோப்புகள் யூனிகோடுக்கும் மாற்றப்பட்டன. மாற்றம் முழுமையாக இயந்திரத்தனமாக முடியவில்லை. வரிக்கு வரி ஆங்கிலமும் எண்களும் கலந்த இடங்களில் நிரல் அவற்றையும் தமிழாக எண்ணி மாற்றிவிட, வீட்டுப் பெண்மணி ஒருவர் கூலிக் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துத் திருத்தினார். ‘கோர்வை’ என்ற சொல்லுக்கு எதிரே எழுதப்பட்டிருந்த தொகைகளை மட்டும் அவர் இருமுறை பார்த்தார். உடலும் கரையும் வேறுவேறு நிறத்தில் அமைய, கரைக்குத் தனி நாடா ஓட்டி இரண்டையும் கோத்து நெய்யும் அவ்வேலைக்கு உடன் ஓர் ஆள் தேவை என்பதால் கூலி வேறு. அந்த வரியில் ஓர் எண் பிசகினால் சண்டை வரும் என்றார்.

டெபியனில் தமிழ்99 விசைப்பலகையை அமைத்துக் கொடுத்தபின், டிசைன் கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம் என்ற எண்ணம் வீட்டின் இளையவருக்கு உண்டாயிற்று. ‘தாழம்பூ ரேக்கு’, ‘வங்கி’, ‘அன்னப்பட்சி’ என்று பெயரிட்ட கோப்புகள் லினக்ஸில் அழகாகத் தெரிந்தன. பழைய டிசைன் மென்பொருளில் திறந்தபோது அத்தனையும் கேள்விக்குறிகளாக நின்றன. யூனிகோடுக்கு முந்தைய முறையில் எழுதப்பட்ட விண்டோஸ் செயலிகள், பல மொழிகளுக்கு விண்டோஸ் வகுத்திருந்த குறிமுறைப் பக்கத்தின் வழியாகவே எழுத்தை அறிகின்றன; தமிழுக்கு அப்படியொரு பக்கம் வகுக்கப்படவேயில்லை. ஆகவே கோப்புகளுக்கு எண்ணும், எண்ணுக்கு எதிரே தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு பட்டியலும் என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. அட்டைக் கட்டுகளின்மீது மையால் எண்ணெழுதிப் பரணில் அடுக்கிவைக்கும் வீட்டுப் பழக்கத்துக்கு இது ஒத்துப்போனதால் எவருக்கும் குறையாகத் தோன்றவில்லை.

விண்டோஸ் 7க்கான ஆதரவு அறிவித்த நாளில் நின்றது. ஆகவே விண்டோஸ் 7 இருந்த பகிர்வில் இணையத் தொடர்புக்கான அட்டைகள் முடக்கப்பட்டு, டிசைன் போடும்போது மட்டும் அதைத் திறப்பது என்றும், மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் டெபியனில் மட்டும் என்றும் வழக்கமாயிற்று. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் இன்டெலின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியையும் கோரியது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இவ்விரண்டும் சேர்ந்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான அலுவலகக் கணினிகளைப் பழையன பிரிவுக்குத் தள்ளுவதால், வாங்குபவருக்கு இது நல்ல காலம்தான். லினக்ஸ் போடுவதானால் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளைத் தயக்கமின்றி வாங்கலாம்; விண்டோஸ்தான் வேண்டுமென்றால் எட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பிள்ளையார்பாளையத்து மடிக்கணினியில் டெபியன் பகுதி அதன்பின் 11, 12 என்று அடுத்தடுத்த பதிப்புகளுக்கு, துடைக்காமலே, மேம்படுத்தப்பட்டது. முதல் நிறுவல் சொந்தக் கையால் நடந்திருந்ததால் அதன்மேல் பிணைக்கத் தயக்கம் ஏதும் இருக்கவில்லை. விண்டோஸ் 7 பகிர்வைத் தொட எவருக்கும் அனுமதியில்லை. அதன் முழுப்படி ஒன்று வெளி வட்டில் எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது. டாங்கிளுக்கு மட்டும் மாற்றுப்படி கிடையாது என்பதால், அது பீரோவில் ஜரிகைக் கட்டுகளோடு பூட்டப்பட்டு, டிசைன் வேலை வரும்போது மட்டும் வெளியே வருகிறது.